தெருவுக்குக் கீழே போன அறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒருவர் பழைய வீட்டை இடிக்க ஆரம்பித்தால் அக்கம்பக்கத்தாருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். தூசியும் சத்தமும் ஒரு பக்கம் இருக்கட்டும், புது வீட்டை ரோட்டிலிருந்து எத்தனை அடி தூக்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் விசாரணை. மூன்றடி என்று பதில் வந்தால், ஐப்பசி மழைத் தண்ணீர் இனி யார் வீட்டு வாசலுக்குத் திரும்பும் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. எங்கள் தெருவில் இந்த ஏலம் பல வருஷமாக நடக்கிறது. ஒருவர் இரண்டடி என்றால் அடுத்தவர் மூன்று. அதில் சேராமல் நிற்கிற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்களுடையது அதில் ஒன்று.

எங்கள் வீட்டிலும் எல்லா இடமும் பள்ளமில்லை. பிரச்சினை ஒரே ஒரு அறை. ரேழிக்கு இடது பக்கம், தெருவை ஒட்டினாற்போல இருக்கிற அந்த அறையைத் தாத்தா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை அடுக்குவதற்காகக் கட்டினார். கூடம் அப்போது தெருவிலிருந்து இடுப்பு உயரம். மூட்டை சுமக்கிறவர்கள் அத்தனை படி ஏற வேண்டாம் என்று இந்த அறையை மட்டும் தாழ்த்தி, வண்டியிலிருந்து இறக்கி ஒரே படியில் உள்ளே வருகிற மாதிரி தெருவாசல் வைத்திருக்கிறார். அறையிலிருந்து கூடத்துக்கு ஏற நான்கு படி. அன்றைக்கு அது கெட்டிக்கார ஏற்பாடு. அப்புறம் தெரு வளர்ந்தது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரின் தலையிலேயே இரண்டங்குலம், மூன்றங்குலம். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடியபோது இன்னும் கொஞ்சம். யாரும் பள்ளம் தோண்டவில்லை, ஆனாலும் அறையின் தரை இன்று ரோட்டுக்கு ஓரடிக்கு மேல் கீழே கிடக்கிறது. உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஜன்னலில் தெருவாசிகளின் முகம் தெரியாது. வேட்டிக்கரை, சைக்கிள் பெடல், நாய். வெளிநாட்டில் காசைக் கொட்டிக் கட்டுகிற அண்டர்கிரவுண்ட் அறை எங்களுக்கு அரசாங்கச் செலவில் கிடைத்தது.

பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது அடுக்குப் போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். செய்தியைப் படித்த அம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “அறுபது வருஷம் கழிச்சாவது தோணுச்சே” என்றார்.

எனக்கு அந்த அறை தேவைப்பட்டது. நான் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி., வருமான வரிக் கணக்குப் பார்க்கிறவள். லாரன்ஸ் ரோட்டில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தேன். வாடகையும் ஏறியது, அம்மாவைப் பகலில் தனியாக விடவும் பயமாக இருந்தது. வீட்டிலேயே தெருவாசல் வைத்த ஓர் அறை சும்மா கிடக்கும்போது வெளியே வாடகை கொடுப்பானேன்? ஆனால் என் பிழைப்பு முழுக்கக் காகிதம். அந்த அறையில் காகிதத்தை வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். அதற்கு மேல் பெயின்ட் பொரிந்து, விரலால் தொட்டால் உப்பு மாவாக உதிரும். வாசல் பெருக்கும்போதே தினமும் ஒரு கைப்பிடி உப்பையும் சேர்த்துப் பெருக்க வேண்டியிருந்தது.

தொட்டி

தம்பி சிங்கப்பூரிலிருந்து போனில் வழி சொன்னான். “மண்ணைக் கொட்டி ஏத்திடுக்கா. ரோட்டுக்கு மேல அரை அடி வந்துட்டா பிரச்சினையே இல்ல.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தெருவாசல் நிலை ஐந்தரை அடி. அதில் ஒன்றரை அடிக்கு மேல் மண் போனால் மிச்சம் நான்கடிகூட வராது. என்னிடம் கணக்குக்கு வருகிறவர்கள் கோயில் கருவறைக்குள் நுழைகிற மாதிரி குனிந்துதான் வர வேண்டும். நிலையை உயர்த்தலாமென்றால், ஒன்றரை அடி கனமுள்ள சுண்ணாம்புச் சுவரை உடைக்க வேண்டும். அந்தச் சுவரின் மேல்தான் மெட்ராஸ் ஒட்டுக் கூரையின் தேக்கு உத்திரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்துப் புதுச்சேரியில், கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நின்ற மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில் மொத்தமாக இடிந்து விழுந்ததைப் பார்த்த பிறகு, பழைய சுவரில் கைவைக்கிற தைரியம் எனக்கு வரவில்லை. அதை அரசாங்கம் திரும்பக் கட்டி 2021-ல் திறந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு யார் கட்டித் தருவார்கள்? ஜாக்கி வைத்து முழு வீட்டையும் தூக்குகிற ஆட்களைப் பற்றியும் விசாரித்தோம். அடியில் நல்ல கான்கிரீட் பெல்ட் இருக்கிற வீடென்றால் பரவாயில்லை, இதற்கு வேண்டாம் என்று விசாரித்த இடத்தில் எல்லோருமே தலையை ஆட்டினார்கள்.

இரண்டாவது யோசனை ஓர் இன்ஜினியருடையது. அறைக்குள் ஒரு சுற்று வந்தார், சுவரைத் தட்டினார், ஜன்னலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். “மேடம், இது ரூம் இல்ல, தொட்டி. தொட்டிக்கு என்ன பண்ணுவோமோ அதைப் பண்ணிடலாம்” என்றார். பழைய பூச்சுக்கு மேல் வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் கலந்த சிமெண்ட் பூச்சு, நாலடிக்கு டைல்ஸ், அதற்கு மேல் புட்டி, தரைக்கு விட்ரிஃபைட் டைல்ஸ், உத்திரம் தெரியாமல் ஃபால்ஸ் சீலிங். மொபைலில் படமும் காட்டினார். பளபளவென்று பல் ஆஸ்பத்திரி போல இருந்தது. அட்வான்ஸ் கேட்டார்.

அவர் சொன்ன அந்த ‘தொட்டி’தான் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கணக்குப் பார்க்கிற புத்தி, ஒரு பக்கம் எழுதினால் மறு பக்கமும் எழுதச் சொல்லும். தொட்டியில் தண்ணீர் உள்ளே இருக்கிறது. அது பூச்சைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது, அதனால் பூச்சு நிற்கிறது. இந்த அறையில் தண்ணீர் எங்கே இருக்கிறது? வெளியே, ரோட்டுக்கு அடியில், சுவருக்குள். அது பூச்சை முதுகுப்புறமாகத் தள்ளுகிறது. எவ்வளவு விலையுள்ள கெமிக்கலாக இருந்தாலும் பின்னாலிருந்து தள்ளுகிற தண்ணீரை எத்தனை வருஷம் தாங்கும்? தொட்டிக்குப் பண்ணுவதை இதற்குப் பண்ணினால் வரவைச் செலவுப் பக்கம் எழுதுகிற மாதிரிதானே?

இன்ஜினியரிடமே கேட்டேன். “பத்து வருஷம் கேரண்டி இருக்கு மேடம்” என்றார். என் கேள்விக்கு அது பதில் இல்லை.

ஓதம் உண்மையிலேயே சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அல்லது கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கிறதா என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. பள்ளமான அறைகளில் இரண்டும் நடக்கும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. சமையலுக்கு வைத்திருக்கிற அலுமினியத் தாளை ஒரு முழம் வெட்டி, சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட வேண்டும். ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால், தாளின் வெளிப்பக்கம் ஈரம் கோத்திருந்தால் அது அறைக்காற்றின் வியர்வை. உரித்தபின் உட்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவரிலிருந்து வருகிறது. எங்கள் தாள் உட்பக்கம் சொட்டச் சொட்ட வந்தது. செங்கலில் இருக்கிற நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் தானே மேலே ஏறும், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற அதே விதி. இப்போது கட்டுகிற வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் ஒரு தடுப்பு அடுக்குப் போடுகிறார்கள். தாத்தா காலத்துச் சுவரில் அது கிடையாது.

அலமாரிக்குப் பின்னால்

அந்த அறையின் தெருப்பக்கச் சுவரை ஒட்டி ஒரு தேக்கு அலமாரி நின்றது. உள்ளே வைத்துத்தான் செய்திருப்பார்கள் போலிருக்கிறது, எந்த வாசல் வழியாகவும் அது வெளியே போகாது. அப்பா தொண்ணூறுகளில் அந்த அறைச் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார். அலமாரியை நகர்த்த ஆள் சேரவில்லை, அதனால் அதைச் சுற்றிப் பூசி விட்டுவிட்டார்கள். இந்த விவரம் எனக்குத் தெரியாது. அப்பாவோடு வேலை பார்த்த பழைய மேஸ்திரியை, சுவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அழைத்திருந்தேன். அவர் உள்ளே வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை. அலமாரியைத்தான் பார்த்தார். “இத நகத்துங்க” என்றார்.

தெருப் பையன்களைக் கூப்பிட்டு, அடியில் சாக்கைப் போட்டு, இழுத்தோம். பின்னால் அலமாரி அளவுக்கு ஒரு சதுரம். சுற்றிலும் சிமெண்ட் பூச்சு உப்பிக்கொண்டு, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பாளம் பாளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சதுரத்துக்குள் பழைய சுண்ணாம்புப் பூச்சு, பழுப்பேறி, மங்கலாக, ஆனால் காய்ந்து கிடந்தது. அதில் கரியால் இழுத்த கோடுகள். நான்கு செங்குத்துக் கோடு, குறுக்கே ஒன்று, திரும்பவும் நான்கு. தாத்தா காலத்து மூட்டைக் கணக்கு. நனைந்த சுவராக இருந்திருந்தால் கரிக்கோடு இத்தனை காலம் நின்றிருக்குமா? மேஸ்திரி உள்ளங்கையை அதன் மேல் வைத்தார், பிறகு பக்கத்தில் சிமெண்டின் மேல் வைத்தார், என்னையும் அப்படியே வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்று வெதுவெதுப்பு, ஒன்று சில்லிப்பு. ஒரே சுவர், அதே தெரு, அதே ரோடு.

“தண்ணி எங்கேயாவது போய்த்தானே ஆகணும் பாப்பா. முன்னாடி வர விடலைன்னா மேல ஏறும்” என்றார்.

உடனே நம்பிவிட எனக்கு மனசில்லை. அலமாரிக்குக் கால் இருந்தது, முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி இருந்தது, காற்று போய் வந்திருக்கிறது. அதனால் காய்ந்ததா, சுண்ணாம்பினால் காய்ந்ததா? மேஸ்திரியைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பது போலப் பார்த்தார். பின்னால் நான் தேடிப் படித்ததும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைத் தடுப்பதில்லை, வாங்கி வெளியே விடுகிறது. காற்று அதைக் கொண்டு போகிறது. சிமெண்ட் அதை வெளியே விடாது, ஈரம் சிமெண்ட் முடிகிற இடம் வரை ஏறி அங்கே வெளிவருகிறது. தண்ணீர் ஆவியாகிற இடத்தில் அது கொண்டுவந்த உப்பு படிகமாகிறது. படிகம் வளரும்போது பூச்சைப் பெயர்க்கிறது. கடலோர ஊரில் மண்ணிலும் உப்பு, காற்றிலும் உப்பு, கேட்கவே வேண்டாம். எங்கள் அறையில் ஓதம் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது அப்பா சிமெண்ட் பூசிய பிறகுதான் என்று அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் சுண்ணாம்பு ஏழை வீட்டுப் பூச்சு, சிமெண்ட் என்றால் மரியாதை.

இன்ஜினியருக்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “உங்க இஷ்டம் மேடம். ஆனா ஃபினிஷிங் வராது” என்றார். அதில் அவர் சொன்னது சரிதான்.

பூச்சு

சித்திரை பிறந்ததும் சிமெண்டை ஓதக்கோட்டுக்கு மேலேயே ஒரு முழம் விட்டுக் கொத்தினோம். செங்கல் வெளியே தெரிய, கோடை முழுக்கச் சுவரை அப்படியே விட்டார் மேஸ்திரி. தெருவில் போகிறவர்கள் ஜன்னலில் குனிந்து, “வீட்டை இடிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எத்தனை அடி தூக்கப் போகிறோம் என்ற கவலை அவர்களுக்கு. பூக்கிற உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிக் கொண்டுபோய் வெளியே கொட்ட வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. கழுவினால் கரைந்து திரும்பவும் செங்கலுக்குள்ளேயே போய்விடும். மிக மோசமான மூலையில் பழைய பேப்பரை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி அப்பினோம். காயக் காயக் கூழ் சுவரின் உப்பை இழுத்துக்கொள்கிறது. காய்ந்து கழன்று விழுந்த அட்டையின் சுவர்ப்பக்கம் சர்க்கரை தூவினாற்போல மின்னியது. பழைய தினசரிகளுக்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பதில் அம்மாவுக்கு ஏகப்பட்ட திருப்தி.

சுண்ணாம்பு தாளித்த நாளைப் பார்த்தே ஆக வேண்டும். முற்றத்தில் செங்கல்லை அடுக்கித் தொட்டி கட்டி, சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். சில நொடி ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து முனகல், வெடிப்பு, அப்புறம் உலையைப் போலக் கொதிப்பு. அடுப்பே இல்லாமல் ஆவி வீட்டுக்கூரை வரை போனது. மேஸ்திரி எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார், கண்ணில் ஒரு துளி பட்டால் போச்சு. தாளித்ததை மூடிவைத்து நன்றாகப் புளிக்க விட வேண்டும். கடுக்காயை இடித்து ஊறப்போட்ட தண்ணீரும் வெல்லக் கரைசலும் தனித் தனிப் பானையில். இரண்டு பானையையும் சுற்றி எறும்பு. அரைத்த சுண்ணாம்பையும் சலித்த ஆற்றுமணலையும் அந்தத் தண்ணீரில் குழைத்து, மெல்லிசாக ஒரு கை, அது இறுகியதும் இன்னொரு கை. சிமெண்ட் சில மணி நேரத்தில் பிடித்துவிடும். சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை மெதுவாக வாங்கித் திரும்பவும் கல்லாகிறது, வாரக்கணக்கில். அதுவரை காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். புட்டி கிடையாது, எமல்ஷன் கிடையாது, மேலே வெள்ளையடிப்பு மட்டும்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பொருள் மலிவு, கூலி கூடுதல். காரணம், இந்த வேலை தெரிந்த கை இப்போது குறைவு. மேஸ்திரியோடு வந்த பையன்கள் கரணையைப் பிடித்து சிமெண்டை வீசுகிற வேகத்திலேயே இதையும் வீசினார்கள், பாதி கீழே விழுந்தது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் கரணையை வாங்கித் தானே பூச ஆரம்பித்தார். அவருக்கு மூட்டு வலி, உட்கார்ந்து எழ முடியாது. அதனால் மேலே இருப்பதெல்லாம் அவர் பூசியது, கீழே இரண்டடி பையன்கள் பூசியது. இப்போதும் வெளிச்சம் சாய்வாக விழுந்தால் வித்தியாசம் தெரியும்.

தரையிலும் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே சுட்டமண் ஓடு பதித்தோம். விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டிருந்தால் தரைக்கடியில் வருகிற ஈரமும் சுவர்ப்பக்கம் ஓடியிருக்கும்.

ஃபெஞ்சல்

மூச்சுவிடுகிற சுவர் வெள்ளத்தை நிறுத்தாது. இந்தச் சுண்ணாம்புப் பிரியர்கள் பலரும் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் குறை. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம் என்று பட்ட ஊர் இது. கல்லைக் கட்டிக் கடலில் போட்டும் அப்பர் மிதந்து வந்து கரையேறிய ஊர்தான், ஆனால் வரி ஃபைல்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் தெருவாசலில் ரோட்டைவிட உயரமாக ஒரு கருங்கல் கட்டை, அதன் மேல் மழைக்காலத்தில் பலகை செருகக் காடி. மூலையில் ஒரு சின்னக் குழி, அதில் மிதவை ஸ்விட்ச்சோடு அரை ஹெச்.பி. மோட்டார். ஒயரெல்லாம் மேலிருந்து இறங்கும், ஸ்விட்ச் போர்டு நெஞ்சு உயரத்தில். ஃபைல் அடுக்க இரும்பு ராக், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழ்த்தட்டு எப்போதும் காலி. கம்ப்யூட்டரைத் தவிர எதுவும் மேஜையடியில் கிடையாது என்று எழுத ஆசைதான். கம்ப்யூட்டரும் கிடையாது, லேப்டாப்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் பக்கமும் விடிய விடியக் கொட்டியது. புயலென்றால் முன்னெச்சரிக்கையாகக் கரண்டை நிறுத்துவார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மோட்டார் மட்டும் கரண்டில் ஓடுவது என்பது அந்த இரவில்தான் எங்கள் கவனத்துக்கு வந்தது. பலகைக்கு மேல் தண்ணீர் வரவில்லை, ஆனால் தரை வழியாக ஊறி அறைக்குள் கணுக்காலுக்கு மேல் நின்றது. எதிர் வீட்டுப் பையன்களும் நாங்களும் வாளியால் மொண்டு முற்றத்துத் தூம்பில் ஊற்றினோம். கெடிலம் ஆற்றில் தண்ணீர் கூடுகிறது, சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை கரை புரள்கிறது என்று அடுத்தடுத்துச் செய்தி. அம்மா கூடத்துப் படியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, “கீழ்த்தட்டைக் காலியா வச்சது நல்லதாப் போச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இப்போது மோட்டாருக்கு இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன் போட்டாயிற்று.

வெள்ளம் வடிந்த பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 2015-ல் அந்த அறை அடுத்த சித்திரை வரை காயவில்லை, கதவைத் திறந்தால் பாசி வாசனை முகத்தில் அடிக்கும். இந்த முறை இரண்டு ஜன்னலையும் ரேழிக் கதவையும் திறந்துவைத்து ஒரு ஃபேனை மட்டும் ஓடவிட்டோம். பொங்கலுக்கு நனைந்த கோடு கணுக்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. மார்கழி முடிவதற்குள் நான் அங்கேயே உட்கார்ந்து ரிட்டர்ன் போட ஆரம்பித்துவிட்டேன்.

அறை அழகாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. வருகிற கடைக்காரர்கள் சுவரை ஒரு முறை, உத்திரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, “வேலை இன்னும் முடியலையா மேடம்?” என்கிறார்கள். அலமாரி நின்ற இடத்துப் பழைய பூச்சை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறோம், அந்தத் திட்டு வேறு நிறமாகத் தெரிவதால் அவர்களுக்கு இன்னும் சந்தேகம். தம்பி போன முறை வந்தபோது ஒரு டைல்ஸ் கடை கேட்லாகை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான்.

கீழே இரண்டடியில், பையன்கள் பூசிய இடத்தில், திரும்பவும் லேசாக உப்புப் பூத்திருக்கிறது. மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பூச்சு செங்கல்லுக்குப் பதிலாகத் தான் உப்பை வாங்கிக்கொண்டு உதிர்வதற்காகவே இருப்பது, சில வருஷத்துக்கு ஒரு தடவை கொத்திவிட்டுப் புதிதாகப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். மாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார், தன் பேரனைக் கூட்டிக்கொண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்புக்கும் கடுக்காய்க்கும் இப்போதே சொல்லி வைக்கச் சொன்னார்.